திறமை தானாக வெளியே வராது, சார்

நாலு நாளாக மனசில் வைத்துக்கொண்டு இருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு படம் வந்தது. பின்னால் சூரியன் உதிக்கிறது, முன்னால் ஒரு சிங்கம் நிற்கிறது. திறமை இருப்பவனை யாராலும் தடுக்க முடியாது, ஒருநாள் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று எழுதியிருந்தது. வரிசையாகக் கைதட்டல், பூங்கொத்து, கும்பிடும் கை. நான் மட்டும் "அப்படி இல்லை சார்" என்று போட்டேன். "ஏன் டீச்சர், காலங்காத்தால நெகட்டிவ்வா?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இன்னொருவர், வயதான பிறகு ஜெயித்தவர்கள் என்று ஒரு பட்டியல் அனுப்பினார். அறுபது வயதுக்கு மேல் கோழி வறுத்துக் கோடீஸ்வரரானவர்தான் அதில் முதலிடம். வழக்கம்போல.

வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே வந்தேன்.

சார், உங்கள் பட்டியலில் சேர்க்க நானே ஒரு பெயர் தருகிறேன். பெட்டி லவெட். அமெரிக்காவில் கறுப்பினப் பாடகி. முதல் பாட்டு பதிவு செய்தபோது வயது 16. உலகம் திரும்பிப் பார்த்தபோது 59. சிங்கத்தின் பக்கத்தில் எழுதுவதற்குப் பொருத்தமான கதை. ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் முழுசாகக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு இந்த அம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்து படிக்கக்கூடாது, டிவி பார்க்கக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். மகன் போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். அது ஒன்று முடிந்தால் அதுவாகவே இன்னொன்றைப் போடும். அப்படி வந்த குரல் இது. தொண்டையில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி ஒரு குரல். வார்த்தை பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த அம்மா யாரிடமோ கணக்குக் கேட்கிறார் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கண் சரியானதும் மகனிடம் சொல்லி அவருடைய சுயசரிதையை வாங்கினேன். டேவிட் ரிட்ஸ் என்பவருடன் சேர்ந்து 2012-ல் எழுதியது. பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை, என் ஆங்கிலம் அவ்வளவுதான்.

1946-ல் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது டெட்ராய்ட். கறுப்பினப் பாடகிகளைப் பற்றி எதைப் படித்தாலும் தேவாலயத்தில் பாடிப் பழகினார் என்றுதான் ஆரம்பிக்கும். இவர் கதை அப்படி இல்லை. வீட்டிலேயே சாராயம் விற்ற குடும்பம். கூடத்தில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இருந்தது. குழந்தை அதைக் கேட்டுத்தான் பாடப் பழகியது.

1962-ல் 'மை மேன், ஹி'ஸ் எ லவின் மேன்' என்ற முதல் பாட்டு. டெட்ராய்ட்டில் பதிவு செய்ததை நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் வாங்கி நாடு முழுக்க விற்றது. கறுப்பின மக்களின் இசைக்கென்று அப்போது தனித் தரவரிசை இருந்தது, ஆர் அண்ட் பி என்பார்கள். அதில் 7-வது இடம் வரை போனது. பதினாறு வயதுப் பெண், பென் ஈ. கிங், கிளைடு மெக்ஃபேட்டர் மாதிரியான பெரிய பாடகர்களோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த ஓட்டிஸ் ரெட்டிங்கும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

1965-ல் கல்லா என்ற சின்னக் கம்பெனியில் 'லெட் மி டவுன் ஈஸி'. இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். விட்டுவிட்டுப் போகிறவனிடம், போவதென்றால் போ, ஆனால் மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போ என்று கேட்கிற பாட்டு. கெஞ்சல்தான், ஆனால் அவர் பாடும்போது கெஞ்சுகிறவள் தலை குனியவே இல்லை. பத்தொன்பது வயதில் அப்படிப் பாடியிருக்கிறார். ஆர் அண்ட் பி வரிசையில் 20-வது இடம். அதற்கு மேலே ஏறவில்லை.

பிறகு கம்பெனி மாறி கம்பெனி. 1969-ல் சில்வர் ஃபாக்ஸ் என்ற கம்பெனிக்காக மெம்ஃபிஸ் நகரத்து வாத்தியக்காரர்களோடு பதிவு செய்த 'ஹி மேட் எ வுமன் அவுட் ஆஃப் மி' 25-வது இடம். எல்லாம் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற சின்னத் தட்டு. பத்து வருஷமாகப் பாடியும் ஒரு முழு ஆல்பம் கையில் இல்லை. ஆல்பம் இல்லாத பாடகரைப் பத்திரிகைக்காரர்கள் விரிவாக எழுத மாட்டார்கள், கடை அலமாரியில் பெயர் போட்டு இடம் ஒதுக்க மாட்டார்கள். இந்தத் தொழில் அப்படித்தான் நடந்தது.

சரி, இனிமேல்தான் விஷயமே.

1972. அட்லாண்டிக் கம்பெனி மறுபடியும் கூப்பிட்டது. அலபாமா மாநிலத்தில் மஸில் ஷோல்ஸ் என்று ஒரு சின்ன ஊர். பருத்திக்காட்டுப் பக்கம். ஆனால் அமெரிக்காவின் பெரிய பாடகர்கள் எல்லாம் தேடிப் போன ஊர் அது. அரீதா ஃப்ராங்க்ளினின் வாழ்க்கை 1967-ல் திரும்பியதும் அங்கேதான். கொலம்பியா கம்பெனியில் பல வருஷம் பாடியும் பெரிதாக எடுபடாத அரீதா, அட்லாண்டிக்குக்கு வந்து மஸில் ஷோல்ஸ் வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து பாடியதும் நாடே எழுந்து உட்கார்ந்தது. (இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.) அதே ஊருக்கு லவெட்டை அனுப்பினார்கள். பிராட் ஷப்பிரோ தயாரிப்பாளர். அந்த ஊரின் பேர்பெற்ற வாத்தியக் குழு. ஊதுகுழலுக்கு மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ். ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார்கள். 'சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. விளம்பரச் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் வரை வந்துவிட்டது.

பிறகு ஒரு போன். ஆல்பம் வெளியிடப் போவதில்லை, டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று. காரணம் கிடையாது.

லவெட் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாராம். பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். நாற்காலி இருந்தது, கட்டில் இருந்தது. ஆனால் மேசைக்கு அடியில். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்று மேலே படிக்கவில்லை.

இனி ஒரு கணக்கு. இருபத்தாறு வயதில் நீங்கள் பாடி வைத்த பாட்டு உங்கள் சொத்து இல்லை. அந்த டேப் கம்பெனியின் சொத்து. அவர்கள் வெளியிட மாட்டார்கள், நீங்கள் எடுத்துப் போய் வேறு இடத்தில் வெளியிடவும் முடியாது. நெல்லை விளைவித்தவர் வாசலில் நிற்க, குதிரின் சாவி இன்னொருவர் இடுப்பில். அதை விற்பதும் மக்கவிடுவதும் சாவிக்காரர் இஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்குச் சட்டப்படி ஒரு பைசா இல்லை. இன்றைக்கும் அப்படித்தான். லவெட் பிறர் எழுதிய பாட்டைத் தன் பாட்டாக்கிப் பாடுகிறவர். ஆயிரம் தடவை ஒலிபரப்பினாலும் அந்தக் கணக்கில் அவர் பெயரில் வரவு இல்லை. திறமைக்குப் பலன் கிடைக்கும் என்கிறீர்களே, பலன் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார்கள் சார்.

அடுத்து நீங்கள் கேட்கப் போவது தெரியும். முயற்சியை விட்டிருப்பார், சோர்ந்திருப்பார் என்று. இல்லை. மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். 'பப்ளிங் பிரவுன் சுகர்' என்ற இசை நாடகத்தில் சேர்ந்து, நாடக மேடைக்கான நடனத்தையும் கற்றுக்கொண்டு வருஷக்கணக்கில் ஊர் ஊராக ஆடிப் பாடினார். 1978-ல் டிஸ்கோ காலம், அதிலும் ஒரு பாட்டு பாடிப் பார்த்தார். 1982-ல் மோட்டவுன் கம்பெனிக்காக 'டெல் மி எ லை'. அதுதான் கடைக்கு வந்த முதல் ஆல்பம். முதல் பாட்டுக்கும் முதல் ஆல்பத்துக்கும் நடுவில் 20 வருஷம். அதுவும் பெரிதாகப் போகவில்லை. பிறகு டெட்ராய்ட்டில் சின்னச் சின்ன மேடைகள். மதுக்கடை, விடுதி, எங்கே கூப்பிட்டாலும். குரலைப் பழுதில்லாமல் வைத்திருந்தார். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன உழைக்க வேண்டும்?

இதற்கு நடுவில் 1978-ல் நியூ ஜெர்சியில் லாங் பிராஞ்ச் என்ற ஊரில் அட்லாண்டிக்கின் டேப் கிட்டங்கியில் தீ. ஆயிரக்கணக்கான டேப்புகள் எரிந்தன. லவெட்டின் 1972 டேப்பும் தீயில் போயிருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பிரான்சில் ஜில் பெதார் என்று ஒரு பழைய இசைத்தட்டுப் பிரியர். அந்த ஆல்பத்திலிருந்து 1973-ல் ஒரு சிங்கிள் மட்டும் வெளிவந்திருந்தது. இதன் மீதி எங்கே என்று ஒரு மனுஷர் விடாமல் கேட்டார். கம்பெனியைத் துளைத்தெடுத்தார். கடைசியில் 1999-ல் டேப் கிடைத்துவிட்டது. எரியவில்லை, எங்கோ இருந்திருக்கிறது. உரிமம் வாங்கி 2000-ல் 'சுவெனீர்ஸ்' என்ற பெயரில் தன் சின்னக் கம்பெனியில் வெளியிட்டார். அதே சமயத்தில் நெதர்லாந்தில் ஒரு கம்பெனி அவருடைய மேடைக் கச்சேரி ஒன்றையும் வெளியிட்டது. இருபத்தாறு வயதுப் பெண் பாடியதை உலகம் கேட்டபோது அவருக்கு 54 வயது.

அங்கிருந்து கதவு திறந்தது. 2003-ல் 'எ வுமன் லைக் மி' ஆல்பம். மறு வருஷம் அதற்கு ப்ளூஸ் இசைக்கான டபிள்யூ.சி. ஹேண்டி விருது, மீண்டு வந்தவருக்கான பிரிவில். 2005-ல் ஆன்டி என்ற கம்பெனியில் ஜோ ஹென்றி தயாரிப்பில், முழுக்கப் பெண்கள் எழுதிய பாட்டுகளாகவே ஒரு ஆல்பம். அதுதான் அவரைப் பெரிய பத்திரிகைகளில் ஏற்றியது. 2008 டிசம்பரில் கென்னடி சென்டர் விருது விழாவில் 'தி ஹூ' குழுவின் பாட்டைப் பாடினார், எழுதிய பீட் டவுன்ஷெண்ட் எதிரே மாடத்தில் உட்கார்ந்திருக்க. வீடியோ இருக்கிறது, பாருங்கள். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவகத்துப் படிகளில் நடந்த கச்சேரியில் சாம் குக்கின் பாட்டு. கிராமி விருதுக்குப் பலமுறை பரிந்துரை, விருது ஒருமுறையும் இல்லை. 2020-ல் ப்ளூஸ் ஹால் ஆஃப் ஃபேம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2007. மறுபடியும் மஸில் ஷோல்ஸ் போனார். டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் குழு கூட வாசித்தது. அந்தக் குழுவின் பேட்டர்சன் ஹூட் யார் தெரியுமா? 1972-ல் அவருக்கு பேஸ் கிட்டார் வாசித்த டேவிட் ஹூட்டின் மகன். அப்பாவும் வந்து வாசித்தார். ஆல்பத்துக்கு லவெட் வைத்த பெயர் 'தி சீன் ஆஃப் தி க்ரைம்', குற்றம் நடந்த இடம். உலகம் அவரை வெற்றியாளர் என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மா வைத்த பெயர் அது. நன்றி சொல்லவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று சொல்லவில்லை. குற்றம் என்றார். குற்றம் என்றால் செய்தவர் ஒருவர் உண்டு, பறிபோன பொருள் ஒன்று உண்டு. சிங்கப் படக்காரர்கள் இந்த ஒரு சொல்லைத்தான் கதையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள் சார். இது திறமை தானாக வெளியே வந்த கதையா? தீ வேறு அலமாரியைப் பிடித்தது. கடல் தாண்டி ஒருவருக்கு ஒரு சின்னத் தட்டின் மேல் பைத்தியம் இருந்தது. அந்த அம்மா அதுவரை உயிரோடும் குரலோடும் இருந்தார். மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் இந்தப் பதிவை நான் எழுதியிருக்க மாட்டேன், ஏனென்றால் பெட்டி லவெட் என்ற பெயரே எனக்குத் தெரிந்திருக்காது. திறமை மட்டும் அப்படியே முழுசாக இருந்திருக்கும்.

உங்கள் பட்டியலின் கோளாறே அதுதான். ஜெயித்தவர்களை மட்டும் வரிசையாக நிறுத்திவிட்டு, பாருங்கள் எல்லோரும் ஜெயித்திருக்கிறார்கள் என்கிறீர்கள். தேறியவர்கள் விடைத்தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று நாம் எழுதியிருந்தால் ஏஇஓ விட்டிருப்பாரா?

வராமல் போனவர்கள் இரண்டு பேரைச் சொல்கிறேன். லிண்டா ஜோன்ஸ். 1967-ல் 'ஹிப்னடைஸ்டு' என்ற பாட்டு ஆர் அண்ட் பி வரிசையில் 4-வது இடம். சர்க்கரை நோய். 1972-ல் இறந்தார், வயது 27. லவெட் மஸில் ஷோல்ஸ் போன அதே வருஷம். ஓ.வி. ரைட். 'தட்'ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' பாட்டை 1964-ல் முதலில் பாடி வெளியிட்டவர். இவர் எங்களோடு ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்று இன்னொரு கம்பெனி முதலாளி உரிமை கொண்டாடினார், பாட்டு அப்படியே முடங்கியது. பிறகு ஓட்டிஸ் ரெட்டிங் பாடினார், இன்று அது அவர் பாட்டு. ரைட் 1980-ல் இறந்தபோது வயது 41. இவர்களுக்கு 59-வது வயது வரவே இல்லை. உலகம் திரும்பிப் பார்க்கும் அந்த ஒருநாள் எந்தத் தேதி என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

அரீதாவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? கொலம்பியாவில் இருந்த அதே தொண்டைதான் அட்லாண்டிக்கிலும். உட்கார்ந்த இடமும், கூட வாசித்தவர்களும், கூடவே நின்ற முதலாளியும் மாறினார்கள். அரீதாவுக்கே அது தேவைப்பட்டது என்றால் மற்றவர்களை விடுங்கள்.

சிலர் இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறார்கள். என் சொந்த மகனே சொன்னான். "அத்தனை கஷ்டப்பட்டதாலதாம்மா அந்தக் குரலுக்கு அவ்வளவு ஆழம் வந்திருக்கு." கேட்க நன்றாக இருக்கிறது. பத்திரிகைகளும் இப்படித்தான் எழுதுகின்றன, தங்கத்தைச் சுட்டால்தான் ஒளி என்கிற மாதிரி. நான் அவனிடம் போனை வாங்கி 1972 டேப்பிலிருந்து 'யுவர் டர்ன் டு க்ரை' போட்டுக் காட்டினேன். அந்த ஒரே ஒரு சிங்கிள் இதுதான். கண்ணை மூடிக் கேள் என்றேன். ஆழம் அதில் இல்லையா? இருபத்தாறு வயதிலேயே எல்லாம் இருந்தது. பின்னால் வந்த குரல் வேறு மாதிரி, கரடு கூடியது, அது வயது. வயது எல்லோருக்கும் வரும், அதற்கு யாருடைய ஆல்பத்தையும் பூட்டி வைக்கத் தேவையில்லை. கிட்டங்கியில் இருந்தது வெறும் பாட்டு இல்லை, அவர் அன்றைக்கே தயாராக இருந்தார் என்பதற்கான சாட்சியம். கஷ்டம்தான் கலையை வளர்த்தது என்று சொல்கிறவர்கள், கஷ்டம் கொடுத்தவர்களுக்கு ஆசிரியர் பட்டம் கொடுக்கிறார்கள். முப்பத்து மூன்று வருஷம் ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் அதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்னொரு ஆட்சேபமும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். முதல்முறை அட்லாண்டிக்கை விட்டு வெளியே வந்தது லவெட்டின் சொந்த முடிவு. பதின்வயதுப் பெண், அவசரம். புத்தகத்தில் தன் தவறுகளை அவர் ஒளிக்கவே இல்லை, பல இடங்களில் எனக்கே சங்கடமாக இருந்தது. சரி, தவறுதான். ஆனால் பதினேழு வயதில் செய்த ஒரு தவறுக்கு நாற்பது வருஷம் தண்டனை என்றால், அந்தச் சட்டம் யாருக்கெல்லாம் பொருந்துகிறது, யாருக்குப் பொருந்துவதில்லை என்று பாருங்கள். டேப்பைத் தொலைத்தவர்களுக்கு என்ன தண்டனை?

ஏன் இவ்வளவு கோபம் என்று தோன்றலாம். சொல்கிறேன்.

1994 அல்லது 95. எட்டாம் வகுப்பு. செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளை ஒன்று பாடும். கடவுள் வாழ்த்துக்கு அவள் நின்றால் மைதானத்தில் காக்கா கூட அடங்கிவிடும், பொய் சொல்லவில்லை. மாவட்டப் பாட்டுப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒரு பெயர்தான் அனுப்பலாம். அனுப்பியது வேறு ஒரு பிள்ளையை. சுமாராகப் பாடும். ஆனால் வெள்ளைச் செருப்பு, பட்டுப்பாவாடை, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் செல்வாக்குள்ள அப்பா. மேலே இருந்தவர்கள் சொன்னார்கள் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். சொன்னார்கள்தான். ஆனால் படிவத்தில் பெயரை எழுதியது என் கை, என் பேனா.

அவள் அழவில்லை. மதியம் சத்துணவுத் தட்டைக் கழுவிக்கொண்டு இருந்தவள் எழுந்து வந்து, "ஏன் டீச்சர் நான் இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்குத் திறமை இருக்கும்மா. திறமை இருந்தா யாராலும் தடுக்க முடியாது. பாரு, ஒருநாள் நீ பெரிய ஆளா வருவே."

அவளைத் தடுத்த ஆளே நான்தான். தடுத்துவிட்டு, யாராலும் தடுக்க முடியாது என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவளும் சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி. சூளைக் குடும்பம், எங்கே மாறிப் போனார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை. மஸில் ஷோல்ஸ் டேப்புக்காவது தேடி வருவதற்கு ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். எங்கள் பள்ளியில் டேப் கூட இல்லை.

அந்த வாசகம் ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனால் ஒரு வேலை செய்யும். பூட்டியவரை விடுவித்துவிட்டு, பூட்டப்பட்டவரிடம் காத்திரு என்று சொல்லும். கடைசியில் அவர் வெளியே வரவில்லை என்றால், ஓ, திறமை போதவில்லை போல என்று தீர்ப்பும் எழுதிவிடும். எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது அன்றைக்கு! இரண்டு நிமிஷத்தில் பிரச்சினை முடிந்தது, நான் அடுத்த பாடவேளைக்குப் போய்விட்டேன்.

சார், நீங்கள் நல்லவர். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் உங்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். இந்தப் படம் உங்களைப் பற்றி இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்த, இன்னும் பணியில் இருக்கிற இளம் ஆசிரியர்கள் அந்தக் குழுவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிங்கத்தை அனுப்புவதை விட, இந்த வருஷம் போட்டிக்கு யார் பெயரை எழுதினீர்கள், ஏன் எழுதினீர்கள் என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பலாம். கேள்வி பிடிக்காமல் சிலர் குழுவை விட்டுப் போவார்கள். போகட்டும்.

1972 ஆல்பம் 2006-ல் அதன் சொந்தப் பெயரிலேயே வெளிவந்துவிட்டது. 'சைல்ட் ஆஃப் தி செவன்டீஸ்' என்று போட்டுத் தேடினால் கிடைக்கும். இணைப்பை முதல் பின்னூட்டத்தில் மகனை விட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன், எனக்கு அது வராது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் நிறுத்திவிட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு வயது இருக்கும். அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் எங்களிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள். பொதுவில் பெயர் போட வேண்டாம்.